மாமியார் நிறுத்தாத செபமாலை

எங்கள் பங்கை, அதாவது எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை, வலுப்படுத்துவது எப்படி என்று கோயிலில் ஒரு கூட்டம் வைத்தார்கள். புதுக் கோபுரம், நல்ல மைக், இளைஞர்களுக்கு வாட்ஸ்அப் குழு என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். எனக்குத் தெரிந்த பதில் என் மாமியார் சம்பந்தப்பட்டது. அதை மைக்கில் சொல்ல வெட்கமாக இருந்தது.

பாலக்கரையில் எங்கள் தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். அன்பியம் என்று பெயர், பெயர்தான் அப்படி. பொறுப்பாளர் ஓய்வு பெற்ற டீச்சர். அவர் வீட்டு வாசலில் என் மகன் பைக்கை நிறுத்தியதிலிருந்து எங்களுக்குள் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஆரம்பிப்பதும் முடிப்பதும் அவருக்கு டாணென்று நடக்க வேண்டும்.

மாமியாருக்கு மறதி முற்றியிருந்தது. பெற்ற மகனையே "நீங்க யாருங்க?" என்பார். எங்கள் வீட்டு முறை வந்தபோது எனக்குப் பயம். அவர் எதையாவது செய்து, நாலு பேர் சிரித்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. வேண்டாமென்று டீச்சரிடம் போய்ச் சொல்லவும் ரோஷம் விடவில்லை.

செபமாலையில் ஐந்து பத்துகள். ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று பத்து முறை சொல்ல, மற்றவர்கள் 'புனித மரியே' என்று பதில் சொல்வோம். அன்று மூன்றாவது பத்தை மாமியாரே கணீரென்று ஆரம்பித்தார். பத்து ஆயிற்று, நிறுத்தவில்லை. இருபதும் தாண்டியிருக்கும். "அத்தை, போதும்" என்று எழப்போனேன். டீச்சர் கண்ணாலேயே என்னை அதட்டி உட்கார வைத்துவிட்டு, பதிலை இன்னும் சத்தமாகச் சொன்னார். ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாறியும் இங்கேயே வந்துகொண்டிருக்கும் அண்ணன் ஒருவர், பஸ்ஸுக்காக எப்போதும் பாதியில் கிளம்புகிறவர், அவரும் அசையவில்லை. மாமியார் தானாகக் களைத்து ஓயும்வரை ஒருவரும் பதிலை விடவில்லை.

எல்லோரும் போனபின் சமையலறையில் நின்று அழுதேன். ஆனாலும் அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்கு நான் மட்டும்தான் போனேன். வாசலிலேயே மறித்தார்.

"அம்மா எங்க?"

"கூட்டிட்டு வரலைங்க டீச்சர். எல்லாருக்கும் லேட்டாயிடும்."

"போய்க் கூட்டிட்டு வாங்க. கடைசிப் பத்த அவங்களுக்குன்னு வச்சிருக்கேன். அவங்களுக்கு அப்புறம் சொல்ல யாரும் இல்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் சொல்லட்டும்."

அன்று முதல் கடைசிப் பத்து மாமியாருடையது. சில வாரம் முப்பது, சில வாரம் அதற்கும் மேல். பைக் விஷயத்தில் டீச்சர் இன்றுவரை இறங்கி வரவில்லை, நானும்தான்.

போன வாரம் மாமியார் தன் பத்தில் நாலாவது 'அருள் நிறைந்த மரியே'யிலேயே வார்த்தை மறந்து விழித்தார். டீச்சர் முதலில் எடுத்துக்கொடுத்தார். பிறகு மாமியார் சொல்லவேண்டியதையும் சேர்த்து நாங்கள் எல்லோருமே சொன்னோம்.