ஏலக்காயோடு காய்ந்த பாசி

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். நெல் வயல்களில் சேகரித்த நீலப்பச்சைப் பாசிகளைச் சோதனைக் குழாய்களில் உயிரோடு காப்பாற்றி வைப்பதுதான் என் வேலை. கைக்குழந்தையை வளர்ப்பதைவிடக் கஷ்டம். குழாயில் பாசிக்கு உணவாக உள்ள சத்துக் கூழ் தீரும் முன் புதுக் கூழுக்கு மாற்ற வேண்டும்; கடும் வெயில் ஆகாது, இருட்டும் ஆகாது. அவை செத்தால் என் பட்டமும் போச்சு.

அந்தப் புரட்டாசியில் ஸ்டிரைக் வந்து விடுதியை மூடிவிட்டார்கள். குழாய்களை மரப்பெட்டியில் அடுக்கி, மடியில் சுமந்து ரயிலில் போடிக்கு வந்தேன். எங்கள் தகரக் கூரை வீடு அடுப்பாகக் கொதித்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்த அக்கா வீடுதான் குளிர்ச்சி. தோட்டத்து ஜீப்பில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். பெட்டிக்கு மட்டும் இடம் கிடைத்தது. உள்ளே இருப்பதன் பச்சை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டிரைவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன்.

மழையில் பாதை சரிந்து, இரண்டு நாள் கழித்துத்தான் மலையேற முடிந்தது. பெட்டியே வரவில்லையே என்றாள் அக்கா. விசாரித்தால், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் இறக்கியிருந்தார்கள். ஓடினேன். அனல் வீசும் அறையில், ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே என் குழாய்கள். குழாய்களின் வாயில் அடைத்திருந்த பஞ்சைக்கூடக் காணோம். கூழ் வற்றி, பாசி கறுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தது.

ஸ்டோர்க்காரர் பெருமையாகச் சொன்னார்: "பச்சை மாறக் கூடாதுன்னு சொல்லிவிட்டீகளாம்ல தாயி. ஈரம் நின்னா காய் வெளுத்துப் போகும். அதேன் ஆவி போகட்டும்னு பஞ்சை எடுத்துட்டு, காயோட காயா வச்சுட்டேன்."

குழாய்களைப் பெட்டியில் திரும்ப அடுக்கி எடுத்துக்கொண்டேன். அக்கா வீட்டில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அழுகை ஓய்ந்த பிறகுதான் உறைத்தது: கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலில் இதே பாசி காய்ந்து கிடந்து, மழை பெய்ததும் பச்சை பிடிக்கிறதே! வெந்நீரை ஆறவைத்து ஒவ்வொரு குழாயிலும் விட்டு, ஜன்னலோரம் வைத்தேன்.

ஒரு வாரம் போனது. அதற்குள் நம்பிக்கையை விட்டிருந்தேன். ஒரு காலையில் அக்கா கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். கண்ணாடியின் ஓரத்தில் இளம்பச்சை! சில குழாய்களில் பூஞ்சைதான் பூத்தது. ஆனால் பாதிக்கு மேல் உயிர் பிடித்துவிட்டது. பார்க்க வந்த ஸ்டோர்க்காரர், "நம்ம ஸ்டோர்ல வச்சது கெடுமா?" என்று சிரித்தார். சந்தோஷத்தில் நானும் ஆமாம் போட்டேன்.

கல்லூரி திறந்ததும், நடந்ததைக் கேட்டு என் வழிகாட்டிப் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு பாசியிலும் ஒரு பங்கை மண்ணோடு சேர்த்து, நிழலில் பக்குவமாகக் காயவைத்துப் பத்திரப்படுத்தினோம். பட்டமும் வாங்கினேன். இப்போதெல்லாம் எது முடிந்துபோனதாகத் தோன்றினாலும், தூக்கியெறியும் முன் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறேன்.