கம்பியறை சகுந்தலா அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை காலை கைபேசியில் செய்தி வந்தது: சகுந்தலா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியிருக்கிறார்கள். படித்த கையோடு நான் அவர் வீட்டுத் தரைவழி போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எங்கள் செகந்திராபாத் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பைத்தியக்காரத்தனம் புரியும்.

அக்காவுக்குக் கம்பியறையில் வேலை. வீட்டு போன் கம்பிகளெல்லாம் வந்து சேரும் இடம். எனக்கு வெளியே கவுண்டர். தனியார் கம்பெனிகள் வந்து கைபேசி மலிந்துவிட்டது, எங்கள் மாத வாடகையோ ஏறிக்கொண்டே போனது. மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வரிசையில் நின்று இணைப்பை ஒப்படைத்தார்கள். கம்பியைப் பிடுங்குமுன் அக்கா வெளியே வந்து ஒவ்வொருவரையும் கேட்பார்: “வீட்ல தனியா யாரு இருக்கா?” அம்மா என்று சொன்னால் போச்சு. “அப்ப நக்கோ, வேணவே வேணாம். கரண்ட் போனா டவர் படுத்துடும். இந்த லைன் எங்க ஆபீஸ் பேட்டரியில ஓடுது, படுக்காது.” பாதிப் பேர் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

“உங்களுக்குச் சம்பளம் ஆபீஸ் தருதா, அந்த அம்மாக்கள் தர்றாங்களா?” என்று சீண்டுவேன்.

“ஹவ், ஆமா, ரெண்டு பேரும்தான்” என்பார்.

ஒரு மழை நாள். மதியமே கரண்ட் போனது. சாயங்காலம் கைபேசிகளில் சிக்னலும் போனது. எனக்கு விடியும்வரை டியூட்டி. மாரடைப்பு வந்த அப்பாவை இரண்டு நாள் முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தோம். வீட்டில் அவரும் என் மனைவி சுஜாதாவும் மட்டும். வீட்டு லைனுக்கு அடித்தேன், அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. கம்பியறைக்கு ஓடினேன். அக்கா கம்பியைச் சோதித்துவிட்டுக் கேட்டார், “லைன் உயிரோடதான் இருக்கு. வீட்ல என்ன போன் வெச்சிருக்கே?”

“கார்ட்லெஸ்.”

“அட கடவுளே! டெலிபோன் ஆபீஸ்ல உக்காந்துகிட்டு, கரண்ட் இல்லாட்டி வாயே தொறக்காத போனையா வாங்கினே?”

அவர் ஷிப்ட் முடிந்திருந்தது. மேஜையிலிருந்த பழைய கறுப்பு போனைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் மெட்டுகுடாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தார். ஒரு மணி நேரம் கழித்து என் கவுண்டரில் மணி அடித்தது. “ரகு, பயப்படாதே. அப்பாவுக்கு மூச்சு வாங்குது. டாக்டர் வீட்டுக்குச் சொல்லிட்டேன், வண்டி வருது. சுஜாதாகிட்ட பேசு.” ஊரே இருட்டில் ஊமையாகிக் கிடந்தபோது அந்தக் குரல் அத்தனை தெளிவாகக் கேட்டது. இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. என்ன மனுஷி! அப்பா அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார்.

அந்த போன் இன்னும் எங்கள் கூடத்தில்தான் இருக்கிறது. அக்கா கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆனால் அவரும்தான் தனியாக இருந்தார், என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில். ஊரையெல்லாம் அவர் கேட்ட கேள்வியை அவரிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நம் நிலையத்துப் பழைய ஆட்களில் தனியாக இருப்பவர்களைத் தினமும் காலையில் அந்தக் கறுப்பு போனிலிருந்து அழைக்க ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் மணி அடித்தால், தயவுசெய்து எடுங்கள்.