கிரைண்டர் போட்டாலும் சாகாத கம்ப்யூட்டர்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். நான் ஆய்வேடு அடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிடும். சேமிக்காத பக்கமெல்லாம் போச்சு. மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் நாலு தடவை அடித்தேன்.

"இனி யாராவது அந்த சுவிட்சைத் தொட்டால் தெரியும்" என்று மாமியாரிடம் கத்தினேன். அதோடு வீட்டில் இட்லி நின்றுபோனது.

ஒவ்வொரு தடவை அணையும்போதும், மானிட்டரில் ஒட்டிய தாளில் வருங்காலக் கம்ப்யூட்டருக்கு ஒரு வரி எழுதுவேன். நிலநடுக்கம் வரப்போவது நாய்க்குத் தெரிவதுபோல, கரண்ட் போகப்போவது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நான் நினைத்ததை அதுவே அடித்துக்கொள்ள வேண்டும். திருத்தம் சொல்லும் பேராசிரியரோடு அதுவே சண்டை போட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பாவம், இட்லி இல்லாமல் வாடுகிறாரே என்று நானே அரிசி ஊறப்போட்டிருந்தேன். பதினோரு பக்கம் அடித்த தெம்பில் எழுந்துபோய்க் கிரைண்டரைப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் திரை இருட்டு.

தாளில் எழுதப் பேனாவை எடுத்தேன். யாரைத் திட்டி எழுத? அழுகைதான் வந்தது.

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். கிரைண்டர் சத்தம் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பதறினார்.

"நான் தொடலை தாயி. இப்பத்தான் வாரேன்."