புற்றுமண்ணும் பார்சோப்பும்

எனக்குக் கல்யாணமான புதிது. பனவடலிசத்திரத்தில் ஆடு மேய்க்கப் போன என் வீட்டுக்காரரைக் கெண்டைக்காலில் நாய் கடித்துவிட்டது. மாமியார் சங்கரன்கோவில் கோமதியம்மன் சன்னதிப் புற்றுமண்ணோடு ஓடிவந்தார். எங்கள் பக்கம் எந்த நோவுக்கும் அதுதான் முதல் மருந்து. ஆனால் நாய்க்கடிக்கு மண் பூசி, தண்ணீரைக் கண்டு அலறிச் செத்த ஒருவரை என் பிறந்த ஊரில் பார்த்திருக்கிறேன். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, மண்ணை நெத்தியில பூசுங்க. காயத்துக்குச் சோப்பு."

"ஏட்டி, கோமதியம்மனைவிட ஒனக்குத் தெரியுமோ?"

வீட்டுக்காரரைப் பம்புசெட்டுக்கு இழுத்துப்போய், துணி துவைக்கிற பார்சோப்பைப் போட்டு நுரை பொங்கக் கழுவினேன். அப்படியே பஸ் ஏற்றி சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி. மாமியார் என்னோடு பேசவில்லை.

சில நாளில் அந்த நாய் வெறிபிடித்துச் செத்தது. மறுநாள் பஸ் ஸ்டாப்பில் எங்களுக்கு முன்னால் மாமியார் நின்றார்.

"ஊசிக்குப் பயந்து ஓடிருவான். ஒரு கையை நான் பிடிச்சிக்கிடுதேன் மக்கா."

ஊசியெல்லாம் முடிந்து என் வீட்டுக்காரர் கல்லுமாதிரி எழுந்து நடந்தார்.

கொஞ்ச காலம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரை நாய் கடித்தது. நான் போவதற்குள் பம்புசெட்டில் மாமியார் சத்தம். கையில் என் பார்சோப்பு.

"மண்ணு நெத்திக்கு வே! காலை நீட்டும்!"

தாலி ஏறியது எப்போதோ. அந்த வீட்டு மருமகளானது அன்றைக்குத்தான்.