மோட்டார் ரூமில் வைத்த ஆம்ப்ளிஃபயர்

அந்தச் சனியனை நான்தான் கொச்சியிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கித்தாருக்கென்றே செய்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். பெட்டிக்குள்ளேயே இரண்டு பெரிய ஸ்பீக்கர். தூக்க இரண்டு ஆள் வேண்டும். எழுபதுகளில் மெல்லிசைக் குழுவொன்றில் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, அது வந்ததும் தலைகால் புரியவில்லை.

வீட்டு மின்சாரத்தில் அது முனகத்தான் செய்தது. முனகலுக்கே எருமை மிரளுகிறது, பால் வற்றிவிடும் என்று அம்மா விரட்டினாள். ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் கரண்ட் வலுவாக வரும். அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

மோட்டார் கிணற்றுக்குள் பாதி ஆழத்துத் திட்டில் இருந்தது. ஸ்விட்ச் மட்டும் மேலே, அந்த ரூமில். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பெல்ட்டை மாட்ட ஒருவர் இறங்குவார். கீழிருந்து ‘போடு’ என்றால் போட வேண்டும், ‘நிறுத்து’ என்றால் நிறுத்த வேண்டும். கீழே இருப்பவர் ஏறி வரும்வரை மேலே நிற்பவன் யாரோடும் பேசக்கூடாது, பீடிகூடப் பற்றவைக்கக்கூடாது. அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

அன்று மாலை அண்ணன் இறங்கினார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

“ஏலே, அந்தப் பொட்டிய அமத்திட்டு நில்லு.”

சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு நின்றேன். ‘போடு’ என்றார், போட்டேன். மோட்டார் ஓடியது. இனி என்ன என்று கித்தாரை எடுத்துவிட்டேன். மறுநாள் போடியில் கல்யாணக் கச்சேரி. ஓர் இடம் மட்டும் கைக்கு வராமல் அடம்பிடித்தது. குமிழைத் திருகினேன். தகரக் கூரை அதிர்ந்தது. அடடா, அப்படி ஒரு சுகம்!

நடுவில் ஒரு சத்தம் கேட்டது. மனிதக் குரல் என்று தெரிந்தது. இந்த ஒரு வரியை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடித்தேன்.

நழுவிய பெல்ட்டைத் தள்ளப்போய் அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மதினி என் முகத்தையே பார்த்தார். “உங்க அண்ணே சத்தம் போட்டாகளா தம்பி? ஒங்களுக்குக் கேக்கலையா?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் குறுக்கிட்டார். “நான் எங்க கூப்பிட்டேன்? கண்ண மூடித் தொறக்கங்குள்ள ஆகிப்போச்சு. அவன எதுக்குக் கேக்குற?”

அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு தப்பித்தேன். நானெல்லாம் என்ன ஜென்மம்!

திராட்சைக் கொடி வெட்டும் கவாத்துக் கத்தரியை இடது கையில் பிடித்துப் பழக அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. நான் பெட்டியை விற்றுத் தலைமுழுகப் போனபோது அவர்தான் தடுத்தார். நானும் வெட்கமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து அவர் மகள் கல்யாணத்துக்கும் அதே பெட்டிதான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கச்சேரி நடுவில் மேடையேறி வந்து, பெட்டியின்மேல் அந்தக் கையை ஊன்றிக்கொண்டு, என் காதருகே குனிந்தார்.

“அன்னைக்கி ஒனக்குக் கேட்டுச்சுல்ல தம்பி?”

குரலில் கோபமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக என் காதில் விழுந்தது. நான் ஸ்பீக்கரைக் காட்டி, காதைக் காட்டி, ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.

அண்ணன் சிரித்தார். என் தோளைத் தட்டிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.