ஒரே வீட்டில் இரண்டு பெருநாள்

நானும் என் நண்பனும் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் வண்டி ஓட்டுகிறவர்கள். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால், மதியச் சாப்பாடு என் வண்டி நிழலில்தான். அவன் டப்பாவில் என் கை, என் டப்பாவில் அவன் கை. வடக்கே எங்கேயோ குண்டு வெடித்த அன்று, செல்போனில் அதைப் பார்த்துவிட்டு அவன் தன் டப்பாவை மூடினான்.

“இன்னா பாய், உன் ஆளுங்களுக்கு நீ எட்த்து சொல்லக் கூடாதா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டு வைத்தவன் யாரென்றே எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து அவன் தன் வண்டியிலேயே தனியாகச் சாப்பிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ரம்ஜான் பிரியாணிக்கு வழக்கம்போல் கூப்பிட்டேன். “பாக்கலாம்” என்றான். வராவிட்டால் எங்கள் சிநேகிதம் அவ்வளவுதான் என்று புரிந்தது.

சரி, என் ஆட்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்றால், மாடியில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பியே என் பேச்சைக் கேட்பதில்லை. வெளிநாட்டில் பிறை தெரிந்தால் அவனுக்குப் பெருநாள். எனக்கு நம் ஊர் வானத்தில் தெரிய வேண்டும். திருவொற்றியூர் வானத்தில் ஆலைப் புகையைத் தவிர என்ன தெரியும்? ஆக, அன்று மாடியில் பிரியாணி, கீழே நோன்பு. பெருநாளில் நோன்பு வைக்கிற பாவி நான் என்று படிக்கட்டில் நின்று அவன் கத்தினான். நோன்பில் கறி தின்கிற பாவி நீதான் என்று நானும் விடவில்லை. என் மனைவி இரண்டு பேரையும் திட்டிக் கதவைச் சாத்தப் போனாள்.

வாசலில் என் நண்பன் நின்றான். புதுச்சட்டை போட்டு, ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டான், பாவம். தம்பி அவனை விடுவானா? மாடிக்கு இழுத்துப்போய்த் தட்டு வைத்துவிட்டான். நான் எதிரில் காய்ந்த வாயோடு உட்கார்ந்திருந்தேன்.

“நீ துன்னலியா, பாய்?”

“எனக்கு நாளைக்குத்தாம்பா பெருநாள்.”

“தம்பிக்கு?”

“இன்னிக்கு.”

“ரெண்டு பேருக்கும் ஒரே சாமிதான?”

“ஒரே சாமி, ஒரே அம்மா, ஒரே கரண்ட் மீட்டர்.”

அவன் சிரித்த சிரிப்பில் புரையேறியது. தம்பிதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தான். நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“போன வருசம் என் மச்சான் ஊர்வலத்துல உங்காளு கட மேல கல்லு வுட்டு உள்ள போனானே. நீ என்னான்ட ஒரு வார்த்த கேக்கலியே?”

“உன்னை எதுக்குடா கேக்கணும்? கல்லு வுட்டது அவன்.”

அவன் கை தட்டிலேயே நின்றது. பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் கீழ்வீட்டுப் பெருநாளுக்கும் வந்தான். கையில் அவனுடைய சாப்பாட்டு டப்பா. என் முன்னால் வைத்துத் திறந்தான்.