இரண்டாவது அடுப்பு

எங்கள் ஊர் மண்டபத்தில் அப்பாவின் படம் மாலையோடு தொங்குகிறது. ஆண்டுக்கு ஒரு முறை அவருக்கு விழா எடுக்கிறார்கள். காட்டை வெட்டி ஊர் கண்டவர், கள்ளை ஒழித்தவர், ஊருக்காகச் சயாமுக்குப் போய் உயிரை விட்டவர் என்று ஒலிபெருக்கியில் முழங்குவார்கள். போன தடவை விழாக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்து, "அக்கா, மகள்ங்கிற முறைக்கு நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க லா" என்றார். எனக்கு மேடையில் பேச வராது என்று அனுப்பிவிட்டேன். பேச வராமல் என்ன! நான் வாயைத் திறந்தால் அவர்கள் சொல்வதில் பாதியை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான்.

அப்பா மீசை முளைக்காத வயதில் இந்தியாவிலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குள் போகிற ஆண்களையும், வெளியே பிள்ளைகளோடு காத்துக் கிடக்கிற பெண்களையும் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்துப்போயிற்று. ஏழெட்டுக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு புக்கிட் செலம்பாவுக்கு அப்பால் ஆற்றோரமாகக் காட்டை அழித்துக் குடியேறினார். கள் கூடாது. மீன், இறைச்சி கூடாது. சூது, கூத்து, பெண்களுக்கு நகை எதுவும் கூடாது. காலையும் மாலையும் விளக்கின் முன்னால் நின்று பிரார்த்தனை. இதெல்லாம் போதாதென்று ஊருக்கே ஒரே அடுப்பு. குடிசைகளில் யாரும் உலை வைக்கக் கூடாது. பொதுக் கொட்டகையில் ஆக்கி, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தப்புச் செய்தவனைப் பந்தியை விட்டுத் தள்ளிவிடுவார். தள்ளப்பட்டவன் சில நாள் முறைத்துக்கொண்டு திரிவான், பிறகு மூட்டையைக் கட்டிவிடுவான்.

அப்படி முதலில் மூட்டை கட்டியவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. பாட்டும் கேலியுமாக இருப்பார், கொஞ்சம் கள் குடிப்பார். ஒரு நாள் அப்பாவுக்கு வாடை தெரிந்துவிட்டது. மாமா பாடாங் செராய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் எல்லைக்கு வெளியே நின்று அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு வேர்க்கடலை கொண்டுவருவார். நான் அவர்மேல் உயிரையே வைத்திருந்தேன்.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டங்களில் பால் வெட்டு நின்றது, அரிசி கண்ணில் படவில்லை, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. பிறகு சயாமில் ரயில் போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வட்டாரத்துக்கு கணக்கெழுதுகிற ஒரு தமிழ்க் கிராணியும் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். கிராணி கண்டுபிடித்த வழி சுலபமானது. அடுப்புக்கு ஓர் ஆள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மறைப்பார்கள், அடுப்பை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

எங்கள் ஊருக்கு வந்தபோது அந்த வழி அவருக்கே இடித்தது.

"எத்தனை அடுப்பு?" என்றார்.

"ஒண்ணு" என்றார் அப்பா.

கிராணி நம்பாமல் குடிசை குடிசையாக நுழைந்து பார்த்தார். எங்கும் ஒரு பிடி சாம்பல்கூட இல்லை. தலையில் அடித்துக்கொண்டு ஓர் ஆளைக் கேட்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒருவர் தானாகவே போகிறேன் என்று கையைத் தூக்கினார். அவ்வளவுதான், மற்ற ஆண்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அப்பாவின் விதிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அன்று அவர் காலில் விழுந்தார்கள்.

செய்தி பாடாங் செராய் வரைக்கும் போய்விட்டது. ஒரு மாலை, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மாமா வந்து கொட்டகை வாசலில் நின்றார். அவர் லயத்தில் அவர் ஒருவருக்கு ஓர் அடுப்பு. அடுத்து ஆள் எடுக்கும்போது தப்ப வழியில்லை.

"அக்கா, எனக்கும் ஒரு இலை போடேன்" என்று சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அம்மா போடுவதற்கு இலையைக் கையில் எடுத்துவிட்டாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "விளக்கு முன்னால சத்தியம் பண்ணு. இனிமே தொட மாட்டேன்னு. அப்புறம் உக்காரு."

மாமா தலையைச் சொறிந்தார். "அத்தான், குடிக்காம இருக்கப் பாக்குறேன். மனசாரச் சொல்றேன். சத்தியம் மட்டும் வேணாமே. நாளைக்கு நான் புத்தி கெட்டுப் போனா பொய்ச் சத்தியம் ஆயிடும்ல."

"அப்ப வெளிய நில்லு."

அம்மா எல்லோர் முன்னிலையிலும் அப்பாவின் காலைப் பிடித்தாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை விட்டுக்குடுங்க. எனக்குன்னு வேற யாரு இருக்கா?" என்று அழுதாள். அப்பா பார்வையைக்கூடத் தாழ்த்தவில்லை. இவனுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயமா என்றார். பந்தியில் இருந்தவர்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர் காலில் விழுந்தவர்களுக்கெல்லாம் அன்று நாக்கு எங்கே போயிற்று?

மாமாவே அம்மாவைத் தூக்கி நிறுத்தினார். "விடுக்கா, அவரு குணம் தெரிஞ்சதுதானே. மூணு மாசம் வேலை, சம்பளம் வேற தர்றாங்களாம்" என்று தேற்றிவிட்டுப் போனார். அந்த வாரமே அவரை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

மூன்று மாதம் ஆயிற்று, ஆறு மாதமும் ஆயிற்று. சயாமிலிருந்து ஓடிவந்த ஒருவர், தோலும் எலும்புமாக எங்கள் ஊர் வழியாகப் போனார். மாமாவோடு ஒரே கொட்டகையில் இருந்தவராம். காலரா என்றார். வேறு எதையும் அம்மா கேட்கவில்லை.

அன்று அம்மா ஆற்றிலிருந்து மூன்று கல்லைக் கொண்டுவந்து எங்கள் குடிசைக்குப் பின்னால் போட்டாள். எங்கே வாங்கினாளோ, கருவாடு வாங்கிவந்து குழம்பு வைத்தாள். மாமாவுக்குக் கருவாடு என்றால் உயிர். வாடை ஊரெல்லாம் பரவியது. எல்லோரும் ஓடிவந்து நின்றார்கள். அப்பாவும் வந்தார்.

"என் தம்பிக்குப் படைக்கிறேன்" என்றாள் அம்மா. "பந்தியை விட்டுத் தள்ளுறதுன்னா தள்ளிக்குங்க."

அப்பா கொட்டகைக்குத் திரும்பிப் போனார். அம்மா மறுநாளும் அடுப்பை மூட்டினாள், அதற்கு மறுநாளும். அப்பா கொட்டகையில் சாப்பிட்டார், அம்மா பின்னால் தனியாகச் சாப்பிட்டாள். நான் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்து எதையும் விழுங்க முடியாமல் கிடந்தேன்.

கிராணி மறுபடி வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஊரே நடுங்கியது. இரண்டு அடுப்பு என்றால் இரண்டு ஆள். பெண்கள் கூட்டமாக வந்து அம்மாவிடம் கெஞ்சினார்கள். "அணைச்சிடு தாயி, எங்க புருஷன்மாரைப் பாரு."

அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அவரு வந்து தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லட்டும். ஒரு வார்த்தை. இப்பவே தண்ணி ஊத்துறேன்."

அதைப் போய் அப்பாவிடம் சொன்னார்கள். அவர் விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் போய், "சொல்லிடுங்கப்பா" என்று அழுதேன். என் தலையில் கை வைத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. காட்டையே வெட்டிச் சாய்த்த மனிதர், அந்த ஒரு வார்த்தைக்கு அவரிடம் தெம்பில்லை.

கிராணி பகலில் வந்தார். அம்மாவின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது.

"இப்ப எத்தனை அடுப்பு?"

"ரெண்டு" என்றார் அப்பா.

"அது யாரு அடுப்பு?"

ஊர் ஆண்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். "என்னோடது" என்றார் அப்பா. "அந்த அடுப்புக்கு நான் வர்றேன். கொட்டகை அடுப்புக்கும் சேர்த்து என் ஒருத்தனையே எழுதிக்க முடியுமா?"

கிராணி முதலில் சிரித்தார். பிறகு சிப்பாய்களோடு ஏதோ பேசிவிட்டு, கொட்டகையிலிருந்துதான் போன தடவை ஒருவர் வந்தாரே, இந்தத் தடவை இது போதும் என்று தலையாட்டினார்.

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ என்று அலறிக்கொண்டு குடத்தைத் தூக்கிவந்தாள். "அடுப்பே இல்லைங்க ஐயா, இதோ அணைச்சிட்டேன், பாருங்க!" என்று கத்தினாள்.

"எழுதியாச்சும்மா" என்றார் கிராணி.

அம்மா குடத்தைச் சாய்க்கப் போனாள். அப்பா வந்து அவள் கையைப் பிடித்தார். நாங்கள் பார்க்க அவர் அம்மாவின் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"அணைக்காத" என்றார். "பசிக்குது. போடு."

அடுப்பின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அம்மா இலை போட்டு, கிழங்கை வைத்து, குழம்பை ஊற்றினாள். பாதி மண்ணில் கொட்டியது. அப்பா கருவாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத மனிதருக்கு முள்ளை எடுக்கத் தெரியவில்லை. அப்படியே வாயில் போட்டு, தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் வர இருமினார்.

"பைய, பையத் தின்னுங்க" என்று அம்மா எதிரில் உட்கார்ந்தாள். கருவாட்டைத் தன் கைக்கு வாங்கி, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சதையை அவர் இலையில் வைத்தாள். அவர் தின்றார். அவள் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கிராணி இரண்டு தடவை கூப்பிட்டார். லாரி ஹாரன் அடித்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் அம்மா.

"வை" என்றார் அப்பா.